அவுக வாயால சொல்லட்டும்

யார் போனை நீட்டினாலும் மதினி கையை நீட்ட மாட்டார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்பார்.

“இதை யாரு சொன்னது?”

“குரூப்புல வந்துச்சு.”

“குரூப்புக்கு வாய் இருக்கா? சொன்னவுக யாரோ, அவுக வாயால சொல்லட்டும். கேட்டுக்கிறேன்.”

நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவு, அடுத்த வாரம் பஸ் ஓடாது, இந்தப் பழத்தைத் தின்றால் சர்க்கரை இறங்கும், எதுவானாலும் அவருக்கு அதே கேள்விதான். நானே ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அம்மன் படம் ஒன்று வந்திருந்தது, இருபது பேருக்கு அனுப்பினால் நல்ல சேதி வரும் என்று. பயபக்தியோடு அவரிடம் நீட்டினேன்.

“அம்மன் எனக்கு ஏதாச்சும் சொல்லணும்னா நேரா என்கிட்ட சொல்லுவா. இருபது வீட்டுக் கதவைத் தட்டிட்டா வருவா?”

அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. சாயங்காலம் வீட்டில் விளக்கேற்றும்போது யோசித்தேன். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

சொந்தத்தில் அவர் எனக்கு மதினி கிடையாது. திருத்தங்கலில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி, அவ்வளவுதான். எங்கள் பக்கம் கூட வேலை பார்க்கிறவர்களை ஏதாவது ஒரு முறை வைத்துக் கூப்பிட்டால்தான் மனசு ஆறும். நான் மதினி என்றேன், அவரும் திருப்பி மதினி என்றார். மதினி முறை என்றால் கேலி பேசலாம். அந்த உரிமையை நாங்கள் இருவரும் வீணாக்கியதில்லை.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். தாள் அடுக்கும் வேலைக்குத்தான் போனேன். ஒரு நாள் அடுக்கும்போதே ஒரு பிரதோஷம் ஒரு நாள் தள்ளி விழுந்திருப்பதைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். விரதம் இருக்கிறவளுக்கு அது மனப்பாடம், வேறு பெருமை இல்லை. முதலாளி மறுநாளே என்னை மதினி பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். மதினி கம்ப்யூட்டரில் ஒவ்வொரு நாள் தாளையும் அடித்துத் தருவார். திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம் என்று வரிவரியாக நான் சரிபார்ப்பேன். இப்படி வருடத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து தாள்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் போனைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மதினி ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துப் படிப்பார். இடது ஓரத்தில் ஒரு பெயர் வரிசை. அதில் சில பெயர்கள் தடித்த எழுத்தில் இருக்கும்.

“என்ன மதினி இது, ரேசன் கார்டு லிஸ்ட்டு மாதிரி இருக்கு?”

“செய்தியோடை மதினி. இங்கன பாருங்க.” ஏதோ ஒரு தளத்தைத் திறந்து, ஓரத்தில் கிடந்த ஆரஞ்சு நிறச் சின்னக் கட்டத்தைக் காட்டினார். ஒரு புள்ளி, அதிலிருந்து இரண்டு அலை. “இந்தக் குறி இருந்துச்சுன்னா, அவுக புதுசா எழுதுறதை வெளிய விட ஒரு வாய்க்கா வெட்டி வச்சிருக்காகன்னு அர்த்தம். அந்த வாய்க்கா முகவரியை எடுத்து, படிக்கிறதுக்குன்னு இருக்கிற இந்தப் பக்கத்துல குடுத்துட்டா போதும். அவுக அங்கன எழுதுனா இங்கன வந்து விழுந்துரும். ஒவ்வொரு இடமாப் போயி, எழுதிட்டாகளா எழுதிட்டாகளான்னு எட்டிப் பாக்க வேண்டாம்.”

“நம்ம பேரு, நம்பரெல்லாம் கேப்பாகளா?”

“கேக்க மாட்டாக. நாம யாருன்னே அவுகளுக்குத் தெரியாது. வேண்டாம்னா நாமளே அடைச்சுக்கலாம். ஏன் அடைச்சேன்னு கேக்கவும் ஆள் கிடையாது.”

“எது முதல்ல வரும்?”

“எதைக் கடைசியா எழுதுனாகளோ அது மேல நிக்கும். உனக்கு இதுதான் பிடிக்கும்னு எவனும் நடுவுல உக்காந்து எடுத்து வைக்க மாட்டான்.”

“அப்ப பால்காரர் மாதிரின்னு சொல்லுங்க. விடிஞ்சா வாசல்ல இருக்கும்.”

“பால்காரர் தண்ணி ஊத்துவாரு. இதுல ஊத்துறதுக்கு ஆள் இல்லை.”

எனக்கும் ஒன்று போட்டுத் தந்தார். நாளுக்கு ஒரு கோயிலின் தலவரலாற்றை எழுதுகிற தளம் அது. மறுநாள் காலையில் போனைத் திறந்தால் பெயர்கூடக் கேள்விப்படாத ஊரின் ஒரு சிவன் கோயில் வந்து நின்றது. கேட்டதற்காக யாரோ விபூதி கொண்டுவந்து கொடுத்த மாதிரி இருந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். “போனைக் கும்பிடுற ஆளை இன்னைக்குத்தான் பாக்கேன்” என்று மதினி சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

அவருடைய வரிசையில் அடியில் ஒரு பெயர் உண்டு. அதில் புதிதாக எது வந்தாலும் உடனே திறக்க மாட்டார். மற்றதை எல்லாம் முடித்து, டிபன் டப்பாவைக் கழுவி, முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்து திறப்பார். வெம்பக்கோட்டை அணையைப் பற்றி யாரோ எழுதுவது. இன்று தண்ணீர் எந்தப் படி வரை நிற்கிறது, எத்தனை நாரை வந்தது, கரையில் எந்த மரம் பூத்தது என்று நாலு வரி, ஒரு படம். அந்த நாலு வரியைப் பத்து நிமிடம் படிப்பார்.

“யாரு மதினி இவுக?”

“என் தம்பி.”

கல்யாணமாகி மூன்றாம் வருடமே மதினியின் வீட்டுக்காரர் தவறிவிட்டார். அம்மா அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர, இந்தத் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு டைப் அடித்தே படிக்க வைத்தார். அவன் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆனான். ஒரு நாள் இனிப்புப் பொட்டலத்தோடு வந்து நின்று, “ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கல்யாணம் முடிச்சிட்டேன்க்கா” என்றிருக்கிறான்.

எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைத்தான் போடுவான். மற்ற இரண்டையும் பின்னால் நிற்கிற அக்கா தங்கச்சிதான் போடுவாள். அந்த இரண்டு முடிச்சுக்காகவே வளர்த்த மாதிரி இருந்தவரிடம் போய், முடிந்துவிட்டது என்றால் எப்படி இருக்கும்? மதினி அழவில்லை. பொட்டலத்தை அவன் கையிலேயே திருப்பி வைத்திருக்கிறார். அவன் போய்விட்டான். வந்து முறையாகக் கூப்பிடுவான் என்று இவர் இருந்தார். அவன் வரவில்லை. இது நடந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அச்சகத்து ஜன்னலில் நின்றால் வெம்பக்கோட்டைப் பக்கம் போகிற பஸ் தெரியும்.

காலண்டருக்கு அணைப் படம் தேடிய ஒரு நாள் அவன் எழுதுகிற தளம் தற்செயலாகக் கண்ணில் பட்டதாம். “அவன் எழுதுறான், நான் படிக்கேன். பேச்சில்லைன்னு யாரு சொன்னா?” என்றார்.

“நீங்க படிக்கிறது அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது. அதுதான் இதுல உள்ள நல்லது.”

எனக்கு அது நல்லதாகப் படவில்லை. சாமிக்குப் பூப் போட்டாலும் சாமிக்குத் தெரியும் என்றுதானே போடுகிறோம்? இன்னொன்றும் மனசில் இருந்தது. தாலி இழந்தவர் இன்னொருத்திக்குத் தாலி முடிச்சுப் போடக் கூடாது என்பார்கள். நானும் அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள்தான். முறைப்படி கல்யாணம் நடந்திருந்தாலும் இவரை விட்டிருப்பார்களா என்று தோன்றியது. சொல்ல வாய் வரவில்லை.

தீபாவளி முடிந்தால் பட்டாசுக் கம்பெனிகள் ஓயும், எங்களுக்குத்தான் சீசன் ஏறும். பண்டிகைகள் பஞ்சாங்கத்தில் இருக்கும். ஆனால் அரசாங்கம் எதை எதை விடுமுறை என்று அறிவிக்கிறதோ அந்தத் தாள்கள்தான் சிவப்பில் வர வேண்டும். அந்தப் பட்டியல் வரும்வரை சில தாள்களை மட்டும் நிறுத்தி வைத்துக் காத்திருப்போம்.

ஒரு வருடம் மேனேஜர் போனோடு ஓடி வந்தார். “லிஸ்ட்டு வந்துருச்சும்மா. குரூப் பூராவும் இதுதான் ஓடுது. அச்சுக்குப் பிளேட்டுப் போட்டுருவோம்.”

“எனக்கு வரலை சார்.”

“உனக்கு வரலைன்னா? ஊருக்கே வந்துருச்சு.”

“ஊருக்கு ஊர் சொல்லுது. அரசாங்க ஆபீஸ் சொல்லட்டும் சார். அவுக தளத்துல போட்டா அடுத்த நிமிசம் என் ஓடையில விழும்.”

முதலாளி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு ஒரு நாள் பொறுக்கலாம் என்றார். மறுநாள்தான் தெரிந்தது, அது பழைய பட்டியலில் யாரோ வருடத்தை மட்டும் மாற்றி விட்டது. பக்கத்துத் தெருவில் ஒரு அச்சகம் அதை நம்பி ஓட்டி, பிறகு கட்டுக் கட்டாகத் தாளைக் கிழித்தார்கள். அதிலிருந்து முதலாளி வேறு யாரையும் கேட்பதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “ஏம்மா, உனக்கு வந்துருச்சா?” என்பார். மதினிக்கு ஒரு சொல் பழகிப்போனது. “வரலை சார். வரலைன்னா நடக்கலைன்னு அர்த்தம்.”

மறு வருடம் ஐப்பசி. நல்ல மழை. முதலாளி கேட்டார், மதினி வரலை என்றார். மறுநாளும் கேட்டார், வரலை. மூன்றாம் நாள் மற்ற அச்சகங்களில் லோடு ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் வாசலில் லாரிக்காரர் டீ குடித்துக் குடித்துச் சலித்துப் போனார். மேனேஜர் பட்டியலைக் காட்டியபோது மதினி வழக்கம்போலக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த ஆபீஸின் தளத்தை என் போனில் நேராகவே தேடினேன். முகவரி மாறியிருந்தது, பக்கமும் வேறு தினுசில் இருந்தது. பட்டியல் அங்கே மூன்று நாளாகக் கிடந்தது. பழைய வாய்க்காலைக் கைவிட்டு வேறு பக்கம் வெட்டிவிட்டார்கள். பழையதில் தப்பு என்றோ மூடியாச்சு என்றோ எதுவும் காட்டவில்லை, சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிறதற்கும் செத்துக் கிடக்கிறதற்கும் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

மதினி முகம் வெளிறிவிட்டது. முதலாளி சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் சொன்னார்: “நீ பொய் சொல்லலைம்மா. ஆனா வரலைன்னா, ஒரு எட்டு போயிப் பாத்திருக்கலாம்ல.”

வேலை ஓடத் தொடங்கியது. மதினி தன் ஓடை வரிசையைத் திறந்து, மேலிருந்து ஒவ்வொரு தளமாக நேரில் போய்ப் பார்க்க ஆரம்பித்தார். உயிரோடு இருக்கிறது, உயிரோடு இருக்கிறது, இது மூடிப்போச்சு, இது இருக்கிறது. கடைசிப் பெயருக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

“அதையும் பாத்துருங்க மதினி” என்றேன்.

“சித்திரையில நின்னது” என்றார். “வெயில்ல அணை வத்திருக்கும், பறவை போயிருக்கும், எழுத என்ன இருக்குன்னு இருந்துட்டேன்.”

வெளியே தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. இந்த மழைக்குமா அணையில் எழுத ஒன்றும் இல்லை? நான் அதைச் சொல்லவில்லை. அவருக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அழுத்தினார். அப்படி ஒரு பக்கமே இல்லை என்று வந்தது. மறுபடி அழுத்தினார், மறுபடியும் இல்லை.

“போன் போட்டுப் பாருங்களேன்.”

“அந்த நம்பரை இப்ப வேற யாரோ எடுக்காக.”

“அப்போ முன்னாடியே போட்டுப் பாத்திருக்கீக.”

ஆறு மாதம். ஆறு மாதத்தில் ஒரு மனிதனுக்கு என்னவெல்லாம் ஆகலாம். அவர் அதைத்தான் நினைக்கிறார் என்று முகத்தில் தெரிந்தது.

“நாளைக்கு ஞாயித்துக்கிழமை, அரை நாள்தான் வேலை. நானும் வாரேன், போயிட்டு வந்துருவோம்.”

“கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போக? சாமியே கூப்பிட்டாத்தான் கோயிலுக்குப் போக முடியும்னு நீங்கதான சொல்வீக.”

“கூப்பிட்டது காதுல விழாமலும் போகும்ல மதினி. பட்டியல் மூணு நாளா கிடந்துச்சு. நமக்கு வந்துச்சா?”

பஸ் ஏறி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. பள்ளிக்கூடத்தைக் கேட்டு, வாத்தியார் வீட்டைக் கேட்டுப் போனோம். வழி சொன்ன பெண் மதினியை ஏற இறங்கப் பார்த்து, “வெறுங்கழுத்தா இருக்குமே, அந்தப் பிள்ளை வீட்டுக்கா?” என்றாள். எனக்கு அப்போது புரியவில்லை. வீட்டு வாசலில் ஒருவன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் செயின் மாட்டிக்கொண்டிருந்தான். மதினி நின்றுவிட்டார். என் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

“ஏலே, ஏன் எழுதல?”

நாலு வருடம் கழித்துப் பேசிய முதல் பேச்சு அதுதான். அவன் கை நிறைய மசியோடு எழுந்தான்.

“எழுதிட்டுத்தான்க்கா இருக்கேன்.”

“எங்க எழுதுற? எனக்கு வரலையே.”

“பழைய இடத்தைத் திடுதிப்புன்னு மூடிட்டாக. வேற இடத்துல எழுதுறேன்.” கொஞ்சம் நிறுத்தினான். “நீ படிக்கிறது எனக்குத் தெரியும்க்கா.”

“எப்படித் தெரியும்?”

“ஓடையில எத்தனை பேர் இருக்காகன்னு உள்ளுக்குள்ள ஒரு நம்பர் காட்டும். பேரு காட்டாது. எப்பப் பாத்தாலும் ஒண்ணுன்னு நிக்கும். இந்த ஊர் நாரையை எண்ணி எழுதுனா நம்ம அக்காவைத் தவிர எவ படிப்பான்னுதான் எழுதுனேன். புது இடத்துல பூச்சியம். தினம் பாக்கேன், பூச்சியம்தான். நீ போதும்னு அடைச்சிட்டேன்னு நினைச்சேன்.”

“அடைச்சேனா இல்லையான்னு வந்து கேக்க வேண்டியதுதானலே?”

“நீயும் வந்து கேக்கலையேக்கா.”

மதினி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளேயிருந்து தண்ணீர்ச் செம்போடு வந்த பெண்ணைப் பார்த்தேன். கழுத்தில் ஒரு மணிச் சரம்கூட இல்லை.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “மண்டபம் பாக்கலாம்னுதான் முதல்ல இருந்தோம். பெரியப்பாதான், உங்க அக்கா மேடைக்கு வரக்கூடாது, முடிச்சை வேற ஆளு போடட்டும்னாரு. உன்னைய ஓரமா நிறுத்தி வச்சு எனக்கு எதுக்குக் கல்யாணம்? அதான் ரிஜிஸ்தர் ஆபீஸ்ல போயி எழுதுனேன். இதை உன் மூஞ்சியைப் பாத்து எப்படிச் சொல்ல?”

அந்தப் பெண் சாமி படத்துக்குக் கீழே இருந்த டப்பாவை எடுத்து வந்தாள். உள்ளே மஞ்சள் கயிற்றில் கோத்த தாலி இருந்தது. “அண்ணி வந்தாத்தான்னு இவுக வச்சிருக்காக. தெருவுல கேக்காத கேள்வி இல்லை” என்றாள். குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னாள்.

மதினி என்னைத் திரும்பிப் பார்த்தார். “மதினி, நேரம் எப்படி இருக்கு?”

சுவரில் மணி நாலு ஐம்பது. அதற்குப் பக்கத்தில் எங்கள் அச்சகத்துக் காலண்டரே தொங்கியது. ஞாயிற்றுக்கிழமையின் சிவப்புத் தாள். நல்ல நேரம் நாலே காலோடு முடிந்துவிட்டது. ராகு காலம் நாலரை முதல் ஆறு. அந்த வரியை நான் எத்தனை வருடம் சரிபார்த்திருக்கிறேன். ஆறு மணி வரை பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நாலு வருடம் காத்திருந்த மூன்று பேர் கையும் அந்த ஒரு நிமிடம்தான் ஒன்றாக நீண்டிருந்தது.

நான் இரண்டடி நகர்ந்து, காலண்டரை முதுகால் மறைத்து நின்றேன்.

“நல்ல நேரம்தான் மதினி. போடுங்க.”

அவர் என் முகத்தையே பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைத் தாள்களை எல்லாம் அடித்தவரே அவர்தான். அவருக்குத் தெரியாத ராகு காலமா? ஆனால் யார் சொன்னது என்று கேட்கவில்லை.

தம்பி மசிக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு முதல் முடிச்சைப் போட்டான். பின்னால் நின்று இரண்டாவதை மதினி போட்டார், மூன்றாவதையும் போட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு, துர்க்கையம்மா, இது உனக்குரிய நேரம், நீயே பார்த்துக்கொள் என்று வேண்டிக்கொண்டேன். மறு ஞாயிறு அதே நேரத்தில் அவளுக்கு எலுமிச்சை விளக்குப் போட்டேன்.

மதினி அச்சகத்தை விட்டு, தம்பி வீட்டோடு போய் வருடங்கள் ஆகின்றன. என் ஓடையில் இப்போதும் காலையில் ஒரு கோயில் வருகிறது, அதற்கு அடியில் ஒரு அணை. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் அணை வரவில்லை என்றால், நான் பஸ் ஏறிவிடுவேன்.